மூணாம் நம்பரின் நாலாவது பாட்டு

"வேட்பாளர் யாரும்மா?" என்று கேட்டார் அதிகாரி.

பிரவுசிங் சென்டர் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் நூறு சிடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக ஒரு போலீஸ்காரர். வாசலில் ஜீப். ஜீப்பின் கண்ணாடியில் 'தேர்தல் பறக்கும் படை' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது.

"வேட்பாளர் இல்ல சார். பாட்டு."

"பாட்டுன்னு தெரியுது. எந்த வேட்பாளருக்குப் பாட்டு?"

"யாருக்கும் இல்ல சார். சுயேச்சை."

"அதத்தாம்மா நானும் கேக்கறேன். சுயேச்சைன்னா அவருக்கு ஒரு பேரு இருக்குமில்ல?"

அவர் கையில் எங்கள் நோட்டீஸ் இருந்தது. எழுதியது நான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'நம் ஊர் சுயேச்சை. மூணாம் நம்பர். ஞாயிறு மாலை உங்கள் முன். பெருந்திரளாக வந்து ஆதரவு தாரீர்.' கீழ டேபிள் ஃபேன் படம். ஃபேன்தான் சின்னமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் சட்டசபைத் தேர்தல். ஓட்டுப்போட இன்னும் பத்து நாள்கூட இல்லை. நான் எழுதிய நோட்டீஸை நானே முதல்முறையாக அடுத்தவர் வாயால் கேட்டேன். என்னைக் கேட்டால் நானே அந்த மூணாம் நம்பருக்கு ஓட்டுப்போட்டிருப்பேன்.

"அச்சடிச்சவங்க பேரு போடல. அனுமதி வாங்கல. செவுத்துல வேற ஒட்டியிருக்கீங்க," என்று அதிகாரி மூன்று விரல்களை மடக்கினார். போலீஸ்காரர் பெட்டியைத் தூக்கினார்.

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெட்டி திரும்பி வராவிட்டால் கச்சேரி கிடையாது. கச்சேரி இல்லாவிட்டால் எங்கள் குழுவில் பாடுகிற ரிஷார் பிரான்ஸுக்குப் போய்விடுவான்.

என் மூக்கு

போன வாரம் அப்பாவின் மைக் செட் கதையை எழுதியதும், "நீங்கள் எப்படி இந்தப் பாட்டுப் பைத்தியம் ஆனீர்கள்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அதற்கும் இதுதான் பதில். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

அப்போது நான் ஜமால் பாயின் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். காந்தி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பிளைவுட் தடுப்பு போட்ட எட்டு அறை. காலையில் அரியாங்குப்பத்திலிருந்து டெம்போ பிடித்து, பாலம் தாண்டி வந்து இறங்குவேன். பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள், விசா ஃபாரம் நிரப்புகிறவர்கள், வெளிநாட்டு மகனிடம் பேச வந்து கேமராவைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள், எல்லோரும் வருவார்கள். எல்லோருக்கும் நான்தான் பொத்தானை அமுக்கிக் கொடுக்கவேண்டும்.

கூட்டம் இல்லாத நேரத்தில் எட்டாம் நம்பர் அறை என்னுடையது. அங்கே உட்கார்ந்து, உலகத்தில் யாரெல்லாம் புதிதாகப் பாட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்று தேடுவேன். பெரிய கம்பெனி எதுவும் சீந்தாத, வீட்டில் உட்கார்ந்து தாங்களே பதிவுசெய்து தாங்களே வெளியிடுகிற ஆட்களின் பாட்டுகளாகப் பார்த்துத் தேடுவேன். ஒரு பாட்டு இறங்க அரை மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது போட்டோ அனுப்பினால் முக்கால் மணி. பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து.

அவ்வளவு நேரம் காத்திருந்து கேட்கிற பாட்டை அலட்சியமாகக் கேட்க முடியாது. அதனால்தான் என் காது தீட்டப்பட்டது என்று அந்நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காது மட்டுமல்ல, மூக்கும். நல்ல பாட்டை மோப்பம் பிடிப்பதில் புதுச்சேரியில் என்னை அடிக்க ஆளில்லை என்பது என் திடமான எண்ணம். இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை இருக்கிறதே, அங்கே பழைய சட்டைகளுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே ஒருவர் சிடிக்களைக் குவித்து வைத்திருப்பார். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் தள்ளிவிட்டுப் போனவை. நான் குந்தி உட்கார்ந்து பொறுக்குவேன். அட்டையில் பாடுகிறவரின் முகம் பெரிதாக இருந்தால் தொடமாட்டேன். கம்பெனி பேர் எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வீட்டுக்கு வந்ததும் முதல் பாட்டைப் போடாமல், கடைசிக்கு முந்தின பாட்டைப் போடுவேன். ஒரு குழு தன் பலவீனத்தையும் உண்மையையும் அங்கேதான் ஒளித்து வைக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. பத்துக்கு ஏழு முறை அது பலித்தது.

கேட்டதைப் பற்றி வாரத்துக்கு ஒரு தாள் எழுதி, சென்டர் வாசலில் ஒட்டுவேன். தலைப்பு 'இந்த வாரப் புதுசு'. ஜமால் பாய் ஒன்றும் சொல்லமாட்டார். "படிக்கறதுக்கு நாலு பேரு நின்னா, ரெண்டு பேரு உள்ள வருவான்" என்பார்.

இண்டியும் இந்தியும்

இந்த மாதிரிப் பாட்டுக்கு இங்கிலீஷில் 'இண்டி' என்று பேர். நானும் தாளில் 'இண்டி இசை' என்றே எழுதினேன். வந்தது வினை.

நின்று படித்தவர்களில் பாதிப் பேர் அதை 'இந்தி' என்றே படித்தார்கள். ஒரு காலேஜ் பையன் உள்ளே வந்து, "அக்கா, நம்ம ஊர்ல எதுக்கு இந்திப் பாட்ட வளக்கறீங்க?" என்று சண்டைக்கே நின்றான். இன்னொரு அம்மா தன் மகளுக்கு இந்திப் பரீட்சைக்கு டியூஷன் உண்டா என்று விசாரித்தார்.

சரி, நல்ல தமிழில் எழுதிவிடலாம் என்று யோசித்தேன். இண்டி என்பது 'இன்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம். தேர்தலில் எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நிற்கிறவருக்கு நாம் என்ன சொல்கிறோம்? சுயேச்சை. எந்தக் கம்பெனியிலும் சேராமல் தனியாகப் பாடுகிறவருக்கும் அதே பேர்தானே பொருந்தும்?

அடுத்த வாரத் தாளில் 'சுயேச்சை இசை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்தச் சொல்லை நினைத்து எனக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. யாரும் தப்பாகப் படிக்கவும் இல்லை. அப்போது தேர்தல் வரவில்லை, அவ்வளவுதான்.

விசிறியை நிறுத்த முடியாது

ரிஷார் முதல்முறை வந்தது பிரான்ஸில் இருக்கும் அண்ணனுக்கு மெயில் அனுப்ப. ஊரிலேயே பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பேர் எழுதும்போது ரிச்சர்ட், கூப்பிடும்போது ரிஷார். என் ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு எட்டாம் நம்பர் வாசலில் நின்றான்.

"யாரு இது?"

"ஏதோ குளிர் நாட்டுக்காரங்க. போன வாரந்தான் வெளிய வந்துது. இந்த ஊர்லயே நான் ஒருத்திதான் கேட்டிருக்கேன்."

"இப்ப ரெண்டு பேரு," என்றான்.

அவனும் பாடுவான், கிடார் வாசிப்பான் என்பது பிறகு தெரிந்தது. அவனோடு டிரம்ஸ் வாசித்தது வைத்திக்குப்பத்து ஏழுமலை. காலையில் அம்மாவோடு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு ரிஷார் வீட்டு மாடிக்கு வருவான். இரண்டே பேர்தான் குழு. மூன்றாவது ஆளாக நான். எனக்கு வாசிக்க எதுவும் தெரியாது. அபிப்பிராயம் சொல்லத் தெரியும்.

மாடி அறையில் ஒரு பழைய டேபிள் ஃபேன். அதை நிறுத்தினால் அறையில் உட்கார முடியாது. அதன் சுவிட்ச் வேறு மூன்றில் மாட்டிக்கொண்டு விட்டது. ஓடினால் மூணாம் நம்பரில்தான் ஓடும். பதிவுசெய்த ஒன்பது பாட்டிலும் பின்னால் அது உறுமிக்கொண்டே இருக்கும். அதையே குழுவின் பேராக வைத்துவிட்டார்கள். மூணாம் நம்பர்.

பாட்டெல்லாம் தமிழ், இந்த ஊர்ப் பேச்சுத் தமிழ். ஏழுமலை அடிக்கும் அடியில் பாதி வார்த்தை புரியாது. புரியாவிட்டால் என்ன? அந்தக் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. நான் இறக்கிக் கேட்ட நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு நடுவில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். எனக்கு ரிஷார்மேல் காதலா என்று ஏழுமலை ஒருநாள் கேட்டான். அதெல்லாம் இல்லை. அதைவிட மோசம். எனக்கு அவன் பாட்டுமேல் காதல்.

அவனுடைய அண்ணன் அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லவேண்டும். ரிஷார் இழுத்துக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை.

"சிடி போடுவோம். ஒரு கச்சேரி வைப்போம். இந்த ஊரு கேக்கலைன்னா அப்புறம் போ."

"யாரு வருவா கலா?"

"அம்பது பேரு வந்தா?"

அவன் கொஞ்ச நேரம் கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். "அம்பது பேரு வந்தா போகல. அண்ணங்கிட்ட சொல்லிடறேன்," என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

ஏழுமலை சாட்சி.

ஆதரவு தாரீர்

சென்டரில் இருந்த ஒரே சிடி ரைட்டரில் நூறு சிடியையும் ஒவ்வொன்றாக நானே எழுதி எடுத்தேன். அட்டையில் டேபிள் ஃபேன் படம் ஏழுமலை வரைந்தது. அடியில் 'சுயேச்சை வெளியீடு'. 'இந்த வாரப் புதுசு' தாளில் ஒன்பது பாட்டுக்கும் தனித்தனியாக விமர்சனம் எழுதினேன். நாலாவது பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவான பாட்டு, வாய்க்குள்ளேயே முனகுவான். காதில் விழுந்த நாலு வரியும் இவ்வளவுதான்:

*அண்ணன் அனுப்புன புல்லு*
*வெயில்ல நின்னு போட்டுப் பாத்தேன்*
*அளவு சரியா இருக்குது*
*யாருகிட்டயும் சொல்லல*

எங்கள் வீட்டில் மாடு இருந்தது. மாட்டுக்குப் புல் போடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. 'மேய்ச்சல் நிலம் இழந்த மாட்டின் தனிமை. ஆனாலும் தொகுப்பிலேயே பலவீனமான பாடல். நீக்கியிருக்கலாம்' என்று எழுதினேன். படித்துவிட்டு ரிஷார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் நடை அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டீஸும் என் பொறுப்புதான். நான் மைக் செட் காரர் மகள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த அழைப்பெல்லாம் ஆட்டோவில் கட்டிய குழாயிலிருந்து வந்தவை. உங்கள் முன், பெருந்திரளாக, ஆதரவு தாரீர். நாலு பேரைக் கூப்பிட வேறு வார்த்தை உண்டு என்றே எனக்குத் தெரியாது. ஏழுமலை பசை வாளியோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்து கோரிமேடு வரை ஒட்டிவிட்டு வந்தான்.

அதிகாரிக்கு முன்பே வேறு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு கட்சியின் வட்டாரப் புள்ளிகள். ஜமால் பாயிடம் குரலைத் தாழ்த்திப் பேசியது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"பாய், மூணாம் நம்பர் உங்காளாமே. எந்தத் தெருவு ஓட்டப் பிரிக்கறாரு? சொல்லிட்டா நாங்களும் அதுக்குத் தக்கன பாத்துக்குவோம்."

"அவரு ஓட்டப் பிரிக்க மாட்டாரு தம்பி," என்றார் பாய். "காதத்தான் பிரிப்பாரு."

அவர்கள் நம்பவில்லை. மிரட்டுகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். மறுநாள் காலை ஜீப் வந்தது.

ஹெட்போன் மாட்டிய அம்மா

பெட்டியைத் தூக்கிய போலீஸ்காரரை வாசலிலேயே மறித்தேன். "சார், கேட்டுப் பாருங்க. ஒரு பாட்டுலயாவது ஓட்டுன்னு வந்தா என்னை ஜீப்ல ஏத்துங்க."

அதிகாரி வேறெதோ துறையிலிருந்து தேர்தல் வேலைக்கு வந்தவர். மோசமான ஆளில்லை, களைத்துப்போன ஆள். "எனக்குக் கேக்க எங்கம்மா நேரம்? யாராவது முழுசா கேட்டு, எழுதிக் குடுத்தா பாக்கலாம்," என்றார். பெட்டி ஜீப்பில் ஏறியது. ஒரே ஒரு சிடி மட்டும் பரிசோதனைக்காக வெளியே நின்றது.

மறுநாள், வியாழக்கிழமை காலை, ஓர் அம்மா வந்தார். அவர் பேர் வசந்தா, அலுவலக எழுத்தர். ஐம்பதை நெருங்கிய வயது, காட்டன் சேலை, கையில் கோடு போட்ட தாள் கட்டு. அவர்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் சத்தம் வராதாம். அதனால் எங்கள் சென்டரிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லிவிட்டார்களாம்.

எட்டாம் நம்பரில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொண்டைக்கு மேலே அது நிற்கவில்லை; கழுத்துக்குப் பின்னால் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"மேடம், முதல் பாட்டுல ஒரு விசிறிச் சத்தம் வரும். அது தெரியாம விழுந்தது இல்ல, அதுல ஒரு..."

"நீ சும்மா இரும்மா. நான் கேட்டுக்கறேன்."

நான் வெளியே வந்து நின்றேன். அவர் கேட்பார், நிறுத்துவார், எழுதுவார். புரியாவிட்டால் பின்னால் தள்ளி மறுபடி கேட்பார். ஒரே வரியை ஏழெட்டுத் தடவை கேட்டார். சில இடங்களில் பேனா நின்றுவிடும், ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கொண்டுபோய் வைத்த டீயில் ஆடை படிந்தது.

நான் எத்தனையோ பாட்டுக்கு விமர்சனம் எழுதியிருக்கிறேன். ஒரு பாட்டைக்கூட அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. இதை அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மதியம் தாண்டி எழுந்து வந்தார். "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா. ஒண்ணு எங்க ஃபைலுக்கு வேணும்."

மெஷினில் தாளை வைக்கும்போது படித்தேன். குண்டு குண்டான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. ஒவ்வொரு பாட்டின் வரிகளும் முழுதாக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு.

'பாட்டு ஒன்று: கடற்கரை ரோட்டில் பழுதான சைக்கிள் பற்றியது. வேட்பாளர் பெயர் இல்லை. சின்னம் இல்லை.'

'பாட்டு இரண்டு: மீன் விற்கும் தாய் பற்றியது. நன்றாக உள்ளது. ஓட்டு கேட்கவில்லை.'

சிரித்துக்கொண்டே நாலாவதுக்கு வந்தேன்.

'பாட்டு நான்கு: புல் என்பது இங்கே பிரெஞ்சுச் சொல். ஸ்வெட்டர். பாடுபவர் குளிர் நாட்டுக்குப் போக முடிவு செய்துவிட்டதாகத் தெரிகிறது. வீட்டில் உள்ளவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஓட்டு பற்றி ஒன்றும் இல்லை.'

"மேடம், இது மாட்டுக்குப் போடற புல்லு இல்ல?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவர் சிரித்தார். "நீ ஆத்துக்கு அந்தாண்ட பொண்ணா? எங்க சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரும்மா. ஒவ்வொரு தடவ லீவுல வரும்போதும் எல்லாருக்கும் புல்லுதான் வாங்கியாருவாரு. இந்த ஊரு வெயில்ல அத யாரு போடறது? பொட்டியிலயே கெடக்கும். போட்டுப் பாக்கறான்னாலே, கெளம்பிட்டான்னு அர்த்தம்."

எங்கள் பக்கம் பிரெஞ்சு என்றால் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பி மட்டும்தான். புல் என்றால் புல்.

அந்த மாடி அறையில் அவன் அதைப் பாடிப் பதிவு செய்யும்போது நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டான். சிடி எழுதும்போது மட்டும் நூறு தடவை அந்தப் பாட்டு என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. நீக்கியிருக்கலாம் என்று எழுதியவள் நான். அன்று மதியம் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிறு மாலை

வெள்ளிக்கிழமை பெட்டி திரும்பி வந்தது. அதிகாரி இரண்டே நிபந்தனை போட்டார். எந்த வேட்பாளரும் மேடை ஏறக்கூடாது. 'சுயேச்சை' என்ற சொல் எங்கேயும் இருக்கக்கூடாது. நானும் ஏழுமலையும் உட்கார்ந்து நூறு அட்டையிலும் அந்தச் சொல்லைக் கறுப்பு மார்க்கரால் அடித்தோம். சுவர் நோட்டீஸையெல்லாம் ஏழுமலையே போய்ச் சுரண்டிவிட்டு வந்தான். நான் ரிஷாரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பொய் சொல்லவேண்டி வரும்.

ஒரு பழைய பள்ளிக்கூடத்து முற்றத்தில் கச்சேரி. தேர்தலுக்காக ஊரிலிருந்த ஸ்பீக்கரெல்லாம் வெளியே போயிருந்தன. அப்பா இரண்டை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். "அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஏழு மணிக்கெல்லாம் முடிச்சுடு பாப்பா. சத்தம் இரைச்சலா வந்தா எம் பேர சொல்லாத," என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நோட்டீஸைச் சுரண்டியதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய விளம்பரம். மூணாம் நம்பரைப் போலீஸ் பிடித்துவிட்டது, விட்டுவிட்டது, நிற்கிறார், நிற்கவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆறேழு பேரோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து ஏழுமலையின் அம்மா ஒரு தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். காலேஜ் பசங்கள். ஜமால் பாய் குடும்பத்தோடு. பின்னால் தூணோரமாக வசந்தா மேடம். எண்ண ஆரம்பித்தேன். எழுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ரிஷாரும் எண்ணியிருக்கிறான். மேடையில் நின்று கூட்டத்தை ஒருமுறை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் இருந்தது. மாட்டிக்கொண்டவனின் முகம் அது. வியாழக்கிழமைக்கு முன்னால் என்றால் எனக்கு அந்தச் சந்தோஷம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அவனை எனக்குத் தெரியும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி. ஐம்பது பேர் வந்தாயிற்று. இனி அண்ணனுக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டு, இங்கேயே இருந்து எனக்காகப் பாடிக்கொண்டிருப்பான். நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பாட்டுகள் நன்றாகப் போயின. இரண்டாவது பாட்டில் ஏழுமலையின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை ஒருவர் தாளம் போட்டார். மூன்று முடிந்ததும் ரிஷார் ஏழுமலையிடம் திரும்பி ஏதோ சொன்னான். அடுத்து ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. நாலாவதைத் தாண்டிவிட்டான். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கைதட்டல். ஒன்ஸ்மோர் என்று காலேஜ் பசங்கள் கத்தினார்கள்.

நான் எழுந்து நின்றேன். எனக்கு அந்த முற்றம் முழுக்கக் கேட்கிற குரல் உண்டு. மைக் செட் வீட்டுப் பெண்ணுக்கு மைக் தேவைப்படாது.

"நாலாவது பாட்டு," என்றேன்.

ரிஷார் என்னைப் பார்த்தான். வேறு பாட்டு கேள் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினான்.

"நாலாவது," என்றேன் மறுபடி.

ஏழுமலை கோலைக் கீழே வைத்துவிட்டான். விசிறி இல்லை, டிரம்ஸ் இல்லை. ரிஷார் மட்டும் பாடினான். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் மாட்டுக்குப் போடுகிற புல் என்றே நினைத்திருப்பார்கள். தூணோரமாக இருந்த அம்மாவும் நானும் அப்படி நினைக்கவில்லை.

எல்லோரும் கலைந்தபின் மேடைப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது உனக்குப் புடிக்காத பாட்டாச்சே," என்றான்.

"இப்பத்தான் கேட்டேன்."

ஈரச் சட்டையை முதுகிலிருந்து இழுத்து விட்டுக்கொண்டான்.

"அம்பதுக்கு மேல வந்துட்டாங்க கலா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அது கெடக்கட்டும். அளவு சரியா இருக்குதா?"

அவன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ம். தோள்பட்ட கூட சரியா நிக்குது."

"அப்ப போட்டுக்கிட்டுப் போ."

சொல்லிவிட்டு அழுதேன். எதையும் அடக்கிச் செய்து எனக்குப் பழக்கமில்லை. வாசலில் ஆட்டோவில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்த அப்பா, சத்தம் கேட்டு அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.